பதினைந்து புள்ளியில் ஒரு முகம்

மலேசியாவில், சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்டத்துக் கோவில். ரப்பர் போய்ச் செம்பனை வந்து, தொழிலாளர் லயங்கள் இடிந்து, சனங்கள் தாமான் எனும் புதுக் குடியிருப்புகளுக்குக் குடிபோன பிறகும் வெள்ளிக்கிழமை பூசைக்கு ஆள் குறைவதில்லை. போன மாதம் ஓர் இரவு யாரோ உண்டியலை உடைத்துவிட்டார்கள். நான் இடைநிலைப்பள்ளியில் இயற்பியல் சொல்லிக்கொடுப்பவன் என்பதால் செயலாளர் அண்ணன் கைப்பேசியோடு என்னிடம் வந்தார்.

"தம்பி, 4கே கேமரான்னு சொல்லித்தான் வாங்கினோம். ஆளு யாருன்னு கொஞ்சம் பாரு."

பார்த்தேன். கேட், செம்பனை வரிசை, ஓரமாக நிறுத்தியிருந்த மோட்டார் சைக்கிள், எல்லாம் பளிச்சென்று இருந்தன. வெள்ளைச் சட்டை போட்ட ஒருவன் கேட்டுக்குள் நுழைகிறான். முகம் இருக்க வேண்டிய இடத்தில் மட்டும் தோசை மாவை ஊற்றியதுபோல் ஒரு திட்டு. விரலால் பெரிதாக்கினேன். மாவு பெரிதானதுதான் மிச்சம். இதற்குள் கமிட்டியில் ஒரு பையனின் பெயர் அடிபடத் தொடங்கியிருந்தது. அன்றிரவு அவன் வெள்ளைச் சட்டையில் திரிந்தானாம்.

கேமராவில் பழுது ஒன்றும் இல்லை. கோவில் கூரையடியிலிருந்து கேட்டுக்கு 20 மீட்டர். கேமராவில் இருந்தது 2.8 மி.மீ. லென்ஸ், அதன் சென்சார், அதாவது படத்தைப் பதியும் சில்லு, சுமார் 5.6 மி.மீ. அகலம். 5.6-ஐ 2.8-ஆல் வகுத்தால் 2. அதாவது ஒவ்வொரு மீட்டர் தள்ளிப் போகும்போதும் அது பார்க்கும் அகலம் 2 மீட்டர் கூடும். 20 மீட்டரில் 40 மீட்டர் அகலம். 4கே படத்தில் குறுக்காக 3840 புள்ளிகள் (பிக்சல்கள்). அவற்றை 40 மீட்டருக்குப் பரப்பினால் மீட்டருக்கு 96. மனித முகம் சுமார் 16 செ.மீ. அகலம் என்றால் அதற்குக் கிடைப்பது 15 புள்ளிகள். கட்டம் போட்ட கணக்கு நோட்டில் பதினைந்து கட்ட அகலத்துக்குள் கண், மூக்கு, மீசை எல்லாவற்றையும் வரைந்து பாருங்கள், புரியும்.

இதற்கென்று உலகத் தரம் ஒன்று இருக்கிறது, எண் 62676-4. அதன் 2014 பதிப்பின்படி, ஓர் ஆள் இருக்கிறார் என்று தெரிய மீட்டருக்கு 25 புள்ளி போதும். ஏற்கெனவே தெரிந்தவரா என்று பார்க்க 125. முன்பின் தெரியாதவரை இன்னார் என்று சந்தேகமில்லாமல் சொல்ல 250. அதாவது முகத்துக்கு 40 புள்ளி. பெட்டியின் மேல் பெரிதாக அச்சடித்திருக்கும் மெகாபிக்சல், அதாவது படத்தில் எத்தனை பத்து லட்சம் புள்ளிகள் என்ற எண், இந்தக் கணக்கில் பாதிதான். மறுபாதி லென்ஸ்.

அதே அளவு சென்சாரில் 12 மி.மீ. லென்ஸ் போட்டால் 20 மீட்டரில் தெரியும் அகலம் 9.3 மீட்டராகச் சுருங்கும். வெறும் 4 மெகாபிக்சல் கேமராவே, அதாவது குறுக்காக 2560 புள்ளி, மீட்டருக்கு 274 புள்ளி கொடுத்துவிடும். விலை கூடிய 4கே தராத முகத்தை இது தரும். ஆனால் 40 மீட்டர் பார்வை போய்விடும். வளாகம் முழுவதையும் பார்க்கும் கண்ணையும் ஆளைப் பிடிக்கும் கண்ணையும் ஒன்றாக வாங்க நினைத்ததுதான் கமிட்டி செய்த தப்பு. பழைய கேமரா அங்கேயே இருக்கட்டும், வளாகத்தைப் பார்க்கட்டும் என்றேன். இந்தக் கோவிலுக்குப் பின்பக்கம் லோங்காங் (பெரிய சாக்கடை), இருபக்கமும் வேலி. உள்ளே வர மூன்று மீட்டர் கேட் ஒன்றுதான் வழி. இன்னொரு கேமரா அந்த மூன்று மீட்டரை மட்டும் பார்த்தால் போதும்.

சரி, இதெல்லாம் பகலுக்குச் சரி. இரவில்தான் சிக்கல்.

சென்சாரின் ஒவ்வொரு புள்ளியும் வெளிச்சத்தைச் சேர்க்கும் ஒரு கோப்பை. சிறிய சென்சாரில் 8 மெகாபிக்சலை, அதாவது 4கே-யை, திணித்தால் ஒரு கோப்பையின் அகலம் சுமார் 1.45 மைக்ரான் (மைக்ரான் என்பது மி.மீ.-இல் ஆயிரத்தில் ஒரு பங்கு). 1/1.8 அங்குல வகைச் சென்சாரில் 4 மெகாபிக்சல் என்றால் 2.9 மைக்ரான். வாய் இருமடங்கு அகலம், பரப்பு நான்கு மடங்கு. தூறலில் பால்மரத்துக் கோப்பையையும் வாளியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் எதில் அதிகம் சேரும்? (சென்சார் பெரிதானால் பார்வையும் அகலும் என்பதால் 12 போதாது, 16 மி.மீ. லென்ஸ் வேண்டும். கடைக்காரர்கள் இதைச் சொல்வதில்லை.) லென்சில் எஃப் என்று போட்டிருக்கும் எண் சிறியதாக இருந்தால் நல்லது; எஃப் 1.0 லென்ஸ் எஃப் 2.0 லென்சைவிட நான்கு மடங்கு வெளிச்சத்தை உள்ளே விடும்.

தோசை மாவுக்கு முக்கியக் காரணம் ஷட்டர், அதாவது ஒவ்வொரு படத்துக்கும் கேமரா வெளிச்சத்தை உள்ளே விடும் நேரம். இருட்டினால் கேமரா தானாகவே ஷட்டரை மெதுவாக்கி, வெளிச்சம் சேரக் காத்திருக்கும். சாதாரணமாக நடப்பவர் வினாடிக்கு சுமார் 1.4 மீட்டர் போகிறார். ஷட்டர் 1/12 வினாடி திறந்திருந்தால் அதற்குள் அவர் 12 செ.மீ. நகர்ந்துவிடுகிறார். குறுக்கே நடந்தால், 16 செ.மீ. முகம் 12 செ.மீ. இழுபட்டால் மிஞ்சுவது என்ன? கேட்டும் மோட்டாரும் நகரவில்லை, அதனால் அவை பளிச். போதாக்குறைக்கு, இருட்டில் படத்தில் தெறிக்கும் பொரிப்புள்ளிகளைக் குறைக்க கேமரா அடுத்தடுத்த படங்களைச் சேர்த்துச் சராசரி எடுக்கும். நிற்பது தெளியும், நடப்பது பேய்போல் கரையும். கடையில் ஓடவிடும் இரவுப் படத்தை நன்றாகக் கவனியுங்கள். அதில் பெரும்பாலும் எதுவுமே நகராது.

ஆகவே இரவு ஷட்டரைக் கையாலேயே 1/100-இல் நிறுத்த வேண்டும். நகர்வு 1.4 செ.மீ. ஆகிவிடும். நம் நாட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். விளக்குகள் வினாடிக்கு 100 முறை துடிக்கும். 1/100 அதோடு ஒத்துப்போவதால் படத்தில் பட்டை பட்டையாக ஓடாது. ஆனால் உள்ளே வரும் வெளிச்சம் எட்டில் ஒரு பங்காகக் குறையும். அதை வெளியிலிருந்துதான் கொடுக்க வேண்டும்.

கேமராவோடு வரும் அகச்சிவப்பு விளக்கை நம்பினால் போதாதா? பெட்டியில் '30 மீட்டர்' என்று போட்டிருப்பார்கள். அந்தத் தூரத்தில் ஆள் உருவம் தெரியும். முகம் தெரியும் என்று யாரும் எழுதித் தரவில்லை. தூரம் இரட்டித்தால் வெளிச்சம் கால்வாசி ஆகிவிடும். 850 நானோமீட்டர் அலைநீள விளக்கு லேசாகச் சிவந்து தெரியும். 940 கண்ணுக்கே தெரியாது, ஆனால் சிலிக்கான் சென்சாருக்கும் அது மங்கல்தான். விளக்கு லென்சை ஒட்டியே இருப்பதால் பூச்சி வரும், பூச்சியைத் தேடிச் சிலந்தி வரும், மழைநாளில் துளியெல்லாம் வெள்ளைக் கோடாகும்.

இதைவிடப் பெரிய சங்கதி நிறம். தோலின் கருமையைத் தரும் மெலனின் அகச்சிவப்பை அவ்வளவாக உறிஞ்சாது. அதனால் கறுத்த முகமும் சிவந்த முகமும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி வெளுத்துத் தெரியும். துணிச் சாயங்கள் பலவற்றுக்கும் இதே கதைதான். எல்லாக் கறுப்பும் அப்படி ஆகாது, ஆனால் ஆகும் கறுப்புகள் நிறைய.

அதனால் கேட் தூணின் ஓரத்தில் ஒரு சாதாரண வெள்ளை எல்இடி விளக்கை மாட்டச் சொன்னேன். நேர் உச்சியில் வேண்டாம், கண்குழியில் நிழல் விழும். கேமராவையே கேட்டுக்கு மேலே வைத்தால் என்ன என்று பொருளாளர் மாமா கேட்டார். நான்கு மீட்டர் உயரத்தில் வைத்து மூன்று மீட்டர் தள்ளி நிற்பவரின் முகத்தைப் பார்த்தால் பார்வை ஏறக்குறைய 39 பாகை கீழே இறங்கும். தொப்பி மட்டும் அருமையாகப் பதிவாகும். கூரையடியிலிருந்து என்றால் 7 பாகைதான்.

எல்லாம் மாட்டிய அன்று இரவு பத்து மணிக்கு மாமாவையே தொப்பி போட்டுக்கொண்டு கேட் வழியாக நடந்து வரச் சொன்னோம். புதிய கேமராவின் படம் இருண்டு, பொரிபொரியாக இருந்தது. "முன்னதைவிட மோசமா இருக்கே தம்பி" என்றார் அண்ணன். நிறுத்திப் பெரிதாக்கினோம். மாமாவின் மீசை, மூக்குக்கண்ணாடி, கன்னத்து மரு.

அப்புறம் கேட் விளக்கை அணைத்துவிட்டு, பழைய கேமராவில் மாமாவை இன்னொரு முறை நடக்கவிட்டோம். அவர் போட்டிருந்தது கறுப்பு டீ-சட்டை. திரையில் வெள்ளைச் சட்டைக்காரர் ஒருவர் நடந்து வந்தார். அண்ணன் அதையே மூன்று முறை ஓட்டிப் பார்த்தார். அந்தப் பையனின் பெயரை அதன்பின் அவர் எடுக்கவில்லை.