ஆதிரை என்று பெயர் வைப்பதற்கு முன்

வாட்ஸாப்பில் ஒரு படம் ஓயாமல் சுற்றிக்கொண்டிருக்கிறது. இளஞ்சிவப்புப் பின்னணி, ஒரு கைக்குழந்தையின் பாதம், கீழே வரிசையாக ‘அரிய தமிழ்ப் பெண் பெயர்கள்’. அதில் ஆதிரைக்கு நேரே, ‘ஆதி + இறை. முதல் தெய்வம். சங்க காலப் பெண் பெயர்’ என்று இருக்கும். இதை அனுப்பி, “சரிதானே? நாளை மறுநாள் தொட்டில் போடுகிறோம், உடனே சொல்லுங்கள்” என்று கேட்பவர்கள் நின்றபாடில்லை. அகராதி வேலை பார்க்கும் யாரிடம் பேசினாலும் இதே புலம்பல்தான். பெயர் அருமையான பெயர். அதன் முதுகில் ஒட்டி அனுப்பும் விளக்கம்தான் குப்பை.

முதலில் அந்த ‘ஆதி + இறை’. தமிழில் இரண்டு சொற்கள் கண்டபடி ஒட்டிக்கொள்ளாது. ‘ஆதி’ இகரத்தில் முடிகிறது, ‘இறை’ இகரத்தில் தொடங்குகிறது. உயிரும் உயிரும் சந்தித்தால் நடுவில் உடம்படுமெய் வந்தாக வேண்டும். இ, ஈ, ஐ முன் யகரம் வரும் என்பது ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைக்கே தெரியும். ஆதி + அந்தம் ஆதியந்தம் ஆவதுபோல ஆதி + இறை ‘ஆதியிறை’ ஆகுமே தவிர, ஒருக்காலும் ஆதிரை ஆகாது. புணர்ச்சியை விட்டுவிட்டாலும் எழுத்து இடிக்கிறது. கடவுளைக் குறிக்கும் இறைக்கு வல்லின றகரம், ஆதிரைக்கு இடையின ரகரம். கரையும் கறையும் ஒன்றாகாது. ‘ஆதி + திரை, முதல் அலை’ என்று கவித்துவமாகப் பிரிப்பவர்களும் உண்டு. அவர்கள் ஒரு தகரத்தை எங்கே தொலைத்தார்கள் என்று கேட்டால் பதில் வராது. ஓசையில் இனிக்கிற பெயரையெல்லாம் இரண்டாக உடைத்து, ஒவ்வொரு துண்டுக்கும் பெருமையான அர்த்தம் தேடுவது ஒரு நோய். பட்டியல் போடும் இணையதளங்கள் ஒன்றைப் பார்த்து ஒன்று எழுதுவதால், பத்து இடத்தில் இருக்கிறது என்பது பத்துச் சான்று ஆகிவிடாது. ஒரே தப்பின் பத்து நகல், அவ்வளவுதான்.

ஆதிரை ஒரு விண்மீனின் பெயர். இருபத்தேழு நட்சத்திரங்களில் ஆறாவது, நாம் திரு சேர்த்துத் திருவாதிரை என்கிறோம். அப்படித் திரு ஒட்டிக்கொண்டவை இரண்டே இரண்டு, மற்றது திருவோணம். வடமொழியில் ஆர்த்ரா, ‘ஈரமானது’ என்று பொருள். வடசொல்லின் ஈற்றில் உள்ள ஆகாரம் தமிழுக்கு வரும்போது ஐகாரமாகும் என்பதை நன்னூல் ‘ஆவீறு ஐயும்’ என்று மூன்றே சொல்லில் முடித்துவிடுகிறது. மாலா மாலை ஆனதும், சீதா சீதை ஆனதும் அந்த வழியில்தான். நடுவில் இருந்த ரகர ஒற்று என்ன ஆயிற்று என்று கேட்பவர்கள் திருஞானசம்பந்தரின் மயிலாப்பூர்ப் பதிகத்தைப் புரட்டலாம். பாம்பு தீண்டி இறந்த பூம்பாவையை, இந்தத் திருவிழாவைக் காணாமல் போவாயோ என்று ஒவ்வொரு விழாவாகச் சொல்லிக் கேட்கிறார். அதில் ‘ஆர்திரைநாள் காணாதே போதியோ பூம்பாவாய்’ என்று வருகிறது. ஊர்திரை, கூர்தரு, கார்தரு, ஆர்திரை என்று எதுகை போவதால் அந்த ‘ர்’ அச்சுப்பிழையாக இருக்க வழியில்லை. சொல் மாறிவந்த பாதை செய்யுளுக்குள்ளேயே பத்திரமாக இருக்கிறது.

‘அப்படியானால் இது தமிழ்ப் பெயர் இல்லையா?’ என்று உடனே முகம் வாடுபவர்களுக்கு ஒன்று. சங்க நூல்களிலேயே புழங்கி, தமிழ் ஒலிக்கு மாறி, தமிழ் ஐகாரத்தில் முடியும் சொல் இது. ஆர்த்ரா என்று வைத்தால் வடமொழிப் பெயர், ஆதிரை என்று வைத்தால் தமிழ்ப் பெயர். இதற்காக இல்லாத வேர்ச்சொல்லைக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை.

சங்க இலக்கியத்தில் ஆதிரை என்பது மீனும் நாளும்தான். கலித்தொகை சிவனை ஆதிரையான் என்கிறது. பரிபாடலின் பதினோராம் பாட்டில் முழுநிலா ஆதிரையோடு சேரும் மார்கழி நாள் வருகிறது. அந்தணர் விழாத் தொடங்க, கன்னிப் பெண்கள் வையையில் நீராடி ‘வெம்பாதாக வியல்நில வரைப்பு’ என்று வேண்டுகிறார்கள். உலகம் வெயிலில் வெம்பிப் போகக் கூடாதாம், மழை பெய்ய வேண்டுமாம். பெயருக்குப் பொருள் வேண்டும் என்று துடிக்கும் பெற்றோருக்கு இதைவிட என்ன வேண்டும்? ‘முதல் தெய்வம்’ இதன் பக்கத்தில் நிற்குமா?

பெண்ணின் பெயராக ஆதிரை நம் கண்ணில் படுவது மணிமேகலையில். அது சங்கத் தொகை நூல்களுக்குப் பிந்திய பௌத்தக் காப்பியம். பதினாறாவது காதையின் தலைப்பே ‘ஆதிரை பிச்சையிட்ட காதை’. கணவன் சாதுவன் கணிகை வீட்டில் பொருளைத் தொலைத்துவிட்டுக் கப்பலேறுகிறான். கப்பல் உடைகிறது, அவன் இறந்ததாகச் செய்தி வருகிறது. ஆதிரை சுடுகாட்டில் தீ மூட்டி இறங்குகிறாள், தீ சுடவில்லை. கணவன் உயிரோடு இருக்கிறான் என்று அசரீரி சொல்கிறது, பிறகு திரும்பியும் வருகிறான். இதை அரைகுறையாகக் கேட்டுவிட்டு, ‘தீயில் இறங்கியவள் பெயர், பெண் குழந்தைக்கு ஆகாது’ என்று கிளப்பிவிடும் பெரியவர்கள் உண்டு. அவர்களிடம் காதையின் கடைசி அடிகளைக் காட்டுங்கள். அமுதசுரபியை ஏந்தி, எழுதி முடிக்காத ஓவியம்போல ஆதிரையின் வீட்டுக்குள் வந்து நிற்கிறாள் மணிமேகலை. ‘பாரகம் அடங்கலும் பசிப்பிணி அறுகென’ முதல் பிச்சையை இட்டவள் ஆதிரை. அந்தப் பாத்திரம் ஊருக்குச் சோறு போடத் தொடங்கியது அவள் கையால். ஒரு திருத்தம்: அவளை இளவரசி, அரசி என்றெல்லாம் எழுதுகிறார்கள். அவள் புகார் நகரத்துக் குடும்பப் பெண்.

இனி நட்சத்திரக் கணக்கு. ‘குழந்தை திருவாதிரையில் பிறந்தாள், அதனால் ஆதிரை’ என்றால் நியாயம். ஆனால் அதே வீட்டில் ‘நட்சத்திர எழுத்தில் தொடங்க வேண்டும்’ என்றும் பிடிவாதம் பிடிப்பார்கள். இரண்டும் ஒத்துவராது. திருவாதிரையின் நான்கு பாதங்களுக்குச் சோதிடர் தரும் எழுத்துகள் கு, க, ங, ச. அகரமும் ஆகாரமும் கார்த்திகைக்குப் போய்விடுகின்றன. (ஙகரத்தில் தொடங்கும் பெயரை எங்கே போய்த் தேடுவது என்று சோதிடரைத்தான் கேட்க வேண்டும்.) எழுத்து முக்கியமா, மீன் முக்கியமா என்பதை முதலில் வீட்டுக்குள் பேசி முடியுங்கள். தயவுசெய்து தொட்டில் நாளன்று அந்தச் சண்டை வேண்டாம். வேறு நட்சத்திரத்தில் பிறந்தவளுக்கு ஆதிரை என்று வைக்கக் கூடாது என்று ஒரு விதியும் இல்லை. ரோகிணிகளும் ரேவதிகளும் எல்லோரும் அந்தந்த நாளிலா பிறந்தார்கள்?

அபூர்வம் என்ற சொல்லுக்கு வருவோம். அமெரிக்காவில் சமூகப் பாதுகாப்பு நிர்வாகம் 1880 முதலான பெயர்களை ஆண்டுவாரியாக எண்ணி வெளியிடுகிறது. ஓராண்டில் ஐந்து பேருக்காவது வைத்திருந்தால் அந்தப் பெயர் பட்டியலில் வரும். இங்கிலாந்துக்கும் அப்படி அரசுப் பட்டியல் உண்டு. இந்தியாவில் அப்படி ஒன்று கிடையாது. பிறப்புகளைப் பதிகிறோம், பெயர்களைத் தரவரிசைப்படுத்தி வெளியிடுவதில்லை. ஆகவே ‘இந்தப் பெயரின் பிரபலம் இத்தனை சதவீதம்’ என்று எந்த இணையதளமாவது போட்டால், அந்தப் பக்கத்தில் யார் யார் இதயக்குறியைத் தட்டினார்கள் என்பதற்கு மேல் அதில் ஒன்றும் இல்லை.

அரிது என்பது ஊருக்கு ஊர் மாறும். நமக்கு அபூர்வமாகப் படும் இதே மீனின் பெயர் கேரளத்தில் ‘ஆதிரா’ என்று வகுப்புக்கு ஒன்றாகக் கிடைக்கும். பாலக்காட்டிலோ கொச்சியிலோ போய் ‘எங்கள் மகள் பெயர் அபூர்வம்’ என்றால் சிரிப்பார்கள். உங்கள் ஊர் நிலவரம் தெரிய வேண்டுமானால், பக்கத்து மழலையர் பள்ளியில் எல்கேஜி வகுப்புப் பெயர்களை விசாரியுங்கள். வாக்காளர் பட்டியலைப் பார்த்து ‘ஒருவர்கூட இல்லை’ என்று மகிழ வேண்டாம், அதில் இருப்பவர்கள் பதினெட்டு வயது தாண்டியவர்கள். பெயர் வைக்கும் மோகம் அதற்குப் பின்னால் எவ்வளவோ மாறிவிட்டது.

அதிகம் இடறுவது ஆங்கில எழுத்தில். முதல் ஆகாரத்துக்கு இரண்டு ‘ஏ’ போடுங்கள். ஒரு ‘ஏ’ போட்டால் அதைத் திரும்பத் தமிழாக்கும்போது ‘அதிரை’ ஆகிவிடும். அது அதிராம்பட்டினத்துக்கு அந்த ஊர்க்காரர்கள் செல்லமாக வைத்த சுருக்கப் பெயர். கடைசி ‘ஐ’ போய் ‘ஆ’ வந்துவிட்டால் ‘அதிரா’, அதாவது நடுங்காத. மோசமில்லை, ஆனால் நீங்கள் வைத்த பெயர் அது இல்லை. நடுவிலுள்ள தகரத்துக்குக் கட்டாயம் ‘எச்’ வேண்டும், இல்லாவிட்டால் ‘ஆடிரை’ என்று கூப்பிடுவார்கள். ஈற்றில் ‘ஏ ஐ’ என்று எழுதினால் வடக்கே ‘ஆதிராய்’ என்று படிப்பார்கள். அதற்கு மருந்து இல்லை, துரை, அண்ணாமலை எல்லோரும் படும் பாடுதான். எண் கணிதக்காரர் சொன்னார் என்று இன்னொரு ‘எச்’, இன்னொரு ‘ஐ’ சொருகுவதை மட்டும் விட்டுவிடுங்கள். அந்தப் பிள்ளை வாழ்நாள் முழுக்க ஒவ்வொரு கவுன்ட்டரிலும் எழுத்துக்கூட்டிச் சொல்லிக்கொண்டே நிற்க வேண்டும்.

பதிவுக்கு அவசரப்பட வேண்டியதில்லை, அசட்டையும் கூடாது. பிறப்பை 21 நாளுக்குள் பதிய வேண்டும், அதைப் பெரும்பாலும் மருத்துவமனையே செய்துவிடும். பெயர் முடிவாகாவிட்டால் அந்தக் கட்டத்தைக் காலியாக விடலாம். 12 மாதத்துக்குள் கட்டணம் இல்லாமல் பெயரைச் சேர்க்கலாம், அதன்பின் 15 ஆண்டு வரை தாமதக் கட்டணத்துடன். பிரசவ வார்டில் எழுத வருபவரிடம் ‘இப்போதைக்கு ஏதாவது போடுங்கள்’ என்று மட்டும் சொல்லாதீர்கள். ஒருமுறை ஏறிய பெயரில் எழுத்துப்பிழையைத் திருத்தலாம். பெயரையே மாற்றுவது வேறு கதை, அரசிதழ் வரை அலைய வேண்டியிருக்கும். 2023 அக்டோபர் 1 முதல் பிறந்த குழந்தைகளுக்குப் பள்ளிச் சேர்க்கையில் தொடங்கி ஓட்டுநர் உரிமம் வரை பிறந்த தேதிக்குப் பிறப்புச் சான்றிதழ்தான் ஆதாரம் என்று சட்டம் ஆகிவிட்டது. ஆதாரைப் பார்த்துப் பள்ளியில் ஒரு மாதிரி, சான்றிதழில் ஒரு மாதிரி என்று விட்டால் பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலில் வந்து கழுத்தைப் பிடிக்கும்.

பெயரை இறுதி செய்யும் முன் சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதியில் ஒருமுறை தேடுங்கள். இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது, இரண்டு நிமிட வேலை. அகராதியில் இல்லாத சொல்லாக இருந்தால் அது பிற்காலத்தில் உருவாக்கிய பெயராக இருக்கலாம், அதிலும் தவறில்லை. ‘சங்க காலம்’ என்று மட்டும் அழைப்பிதழில் அச்சடிக்காதீர்கள். சான்றிதழ் அச்சாகும் முன் கணினித் திரையைக் காட்டச் சொல்லி, தமிழ்ப் பக்கத்தையும் ஆங்கிலப் பக்கத்தையும் எழுத்தெழுத்தாக வாசியுங்கள். முதல் எழுத்து ‘ஆ’வா ‘அ’வா என்று பாருங்கள், ஈற்றில் இருப்பது ‘ரை’யா ‘றை’யா என்றும் பாருங்கள். ‘றை’ என்று இருந்தால் அங்கேயே திருத்தச் சொல்லுங்கள்.