பூஸ்டரை டிவிக்குப் பின்னால் மாட்டாதீர்கள்

கடலோர ஊர் ஒன்றில் ஒரு லாட்ஜ். டிஷ் மொட்டை மாடியில், டிவி தரைத்தள வரவேற்பறையில். இடையில் சுமார் 70 மீட்டர் கேபிள். வெயில் காயும் நாளிலேயே சில சேனல்கள் கட்டம் கட்டமாக உடைகின்றன, சில சேனல்கள் வரவே இல்லை. போய்ப் பார்த்தால், செட் டாப் பாக்ஸுக்குப் பின்னால் அடுத்தடுத்து இரண்டு பூஸ்டர்கள். ஒன்று போதவில்லை என்றதும் கடையில் இன்னொன்றைக் கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள். மேனேஜர் திரையைக் காட்டிக் கேட்டார்: "சிக்னல் முழுசா ஏறிடுச்சே சார், அப்புறம் ஏன் படம் நிக்கல?"

இந்தக் கேள்வியை வீடு வீடாகக் கேட்டு அலுத்துவிட்டது. கோபம் கேட்பவர் மேல் இல்லை, விற்பவர் மேல்தான்.

செட் டாப் பாக்ஸின் மெனுவில் இரண்டு பட்டைகள் இருக்கும். ஒன்று ஸ்ட்ரெங்த், இன்னொன்று குவாலிட்டி. ஸ்ட்ரெங்த் என்பது கேபிள் வழியாக உள்ளே வந்து சேர்ந்த மொத்த ஆற்றல். அதில் சிக்னலும் உண்டு, இரைச்சலும் உண்டு, பாக்ஸுக்கு அதில் வேறுபாடு இல்லை. குவாலிட்டிதான் இரைச்சலைவிடச் சிக்னல் எவ்வளவு உயர்ந்து நிற்கிறது என்று சொல்வது. படம் நிற்பதும் உடைவதும் அந்த இடைவெளியைப் பொறுத்ததே. டிவி பக்கத்தில் மாட்டிய பூஸ்டர் சிக்னலை 20 டெசிபல் (சிக்னலின் ஏற்ற இறக்கத்தை அளக்கும் அலகு) உயர்த்தினால், கூட வந்த இரைச்சலையும் அதே 20 டெசிபல் உயர்த்தும். போதாததற்குத் தன் இரைச்சலையும் கொஞ்சம் சேர்க்கும். மங்கலான ஜெராக்ஸைப் பெரிதாக்கி இன்னொரு ஜெராக்ஸ் எடுத்தால் எழுத்து பெரிதாகும், தெளிவாகாது. ஸ்ட்ரெங்த் பட்டை ஏறியது என்று காட்டி யாராவது காசு கேட்டால், தயவுசெய்து குவாலிட்டி பட்டையைக் காட்டச் சொல்லுங்கள்.

பூஸ்டர் என்பது சிக்னலைப் பெருக்கும் ஆம்ப்ளிஃபயர்தான். முதல் ஆம்ப்ளிஃபயருக்கு முன்னால் கேபிளில் இழந்ததைப் பிறகு எந்த ஆம்ப்ளிஃபயராலும் மீட்க முடியாது. அமெரிக்காவின் பெல் ஆய்வகப் பொறியாளர் ஃப்ரீஸ் 1944-லேயே இதற்குச் சூத்திரம் எழுதிவிட்டார். சூத்திரம் படிக்காத நம் பழைய ஆன்டெனா மெக்கானிக்குகளுக்கும் இது அத்துபடி. இரும்புக் குழாயை உயரமாக நட்டு இலங்கையின் ரூபவாஹினி டிவியைப் பிடித்த காலத்தில், விவரம் தெரிந்தவர் பூஸ்டரைக் குழாயின் உச்சியில் ஆன்டெனாவோடு சேர்த்துக் கட்டுவார். வீட்டுக்குள் இருந்தது அதற்கு மின்சாரம் கொடுக்கும் பெட்டி மட்டுமே. அந்தப் பெட்டியைத்தான் பூஸ்டர் என்று பலர் நினைத்துக்கொண்டார்கள். டிவி பக்கத்தில் வைக்கும் பழக்கம் அங்கிருந்தே வந்திருக்க வேண்டும் என்பது என் ஊகம்.

டிஷ்ஷில் அந்த உச்சி பூஸ்டர் ஏற்கெனவே இருக்கிறது. டிஷ்ஷுக்கு முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் சின்னப் பெட்டியான எல்.என்.பி.தான் அது. செயற்கைக்கோளில் இருந்து சுமார் 36,000 கிலோமீட்டர் கடந்து வரும் சிக்னலை 50 முதல் 60 டெசிபல் வரை பெருக்கி, அதன் அதிர்வெண்ணை 950 முதல் 2150 மெகாஹெர்ட்ஸுக்குள் இறக்கிக் கேபிளில் அனுப்புகிறது. டிஷ்ஷுக்கு வழக்கமாகப் போடும் ஆர்ஜி-6 கேபிள், நல்லதாக இருந்தால், 100 மீட்டரில் 950 மெகாஹெர்ட்ஸில் ஏறத்தாழ 20 டெசிபலும், 2150-இல் 30 டெசிபலும் தின்னும். உங்கள் வீட்டில் 25, 30 மீட்டர்தான் ஓடுகிறதென்றால் இழப்பு 10 டெசிபலுக்குள். எல்.என்.பி. கொடுத்ததில் அது ஒன்றுமே இல்லை. அந்த வீட்டுக்குப் பூஸ்டர் தேவையில்லை. குவாலிட்டி குறைகிறதென்றால் டிஷ் திரும்பியிருக்கிறது, அல்லது கனெக்டரில் தண்ணீர் இறங்கியிருக்கிறது.

லாட்ஜில் நடந்தது வேறு. கேபிள் முனையைச் சீவி நடுக்கம்பியில் சின்னக் காந்தத்தை வைத்தேன், ஒட்டிக்கொண்டது. மேலே செம்புப் பூச்சு, உள்ளே இரும்பு. உயர் அதிர்வெண் சிக்னல் கம்பியின் மேற்பரப்பில்தான் ஓடும் என்பதால் சிக்னலுக்கு இதனால் பெரிய நஷ்டம் இல்லை. ஆனால் எல்.என்.பி.க்குப் போகும் மின்சாரமும் அதே கம்பியில்தான் போகிறது. பாக்ஸ் 13 வோல்ட் கொடுத்தால் எல்.என்.பி. செங்குத்துப் போலரைசேஷனை, அதாவது செங்குத்தாக அதிரும் அலைகளில் வரும் சேனல்களை, எடுக்கும், 18 கொடுத்தால் கிடைமட்டத்தை. இரும்புக் கம்பியின் மின்தடை செம்பைவிடப் பல மடங்கு. வழியில் இரண்டு பூஸ்டர்களும் அதே மின்சாரத்தை உறிஞ்சின. நடுவே ஓரிடத்தில் கம்பியை முறுக்கி இன்சுலேஷன் டேப் சுற்றிய ஒட்டு வேறு, பச்சை பூத்துப்போய். கிளம்பிய 18 வோல்ட் மாடிக்குப் போகும்போது 15-க்கும் கீழே இறங்கியிருந்தது. எல்.என்.பி. அதைச் செங்குத்து என்று எடுத்துக்கொண்டது. கிடைமட்டச் சேனல்கள் மொத்தமாகக் காணாமல் போன காரணம் இதுதான்.

தொழிலில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. எல்.என்.பி.யைக் கழற்றிவிட்டு வெறும் கேபிள் முனையில் மல்டிமீட்டர் வைத்தால் 18 வோல்ட் அப்படியே காட்டும். மின்சாரம் ஓடாதபோது வோல்ட் எங்கே குறையும்? எல்.என்.பி. மாட்டியிருக்கும்போதுதான் அளக்க வேண்டும்.

இரண்டு பூஸ்டர்களையும் கழற்றினோம். முழுச் செம்பு நடுக்கம்பி உள்ள கேபிளை ஒட்டு இல்லாமல் ஒரே நீளமாக இழுத்தோம். கூடுதலாக எதுவும் போடவில்லை. எல்லாச் சேனலும் வந்தது.

பூஸ்டரே வேண்டாம் என்று சொல்லவில்லை. கேபிள் 60, 70 மீட்டரைத் தாண்டி, ஒரு கேபிளைப் பலவாகப் பிரிக்கும் ஸ்பிளிட்டரும் நடுவில் இருந்தால் லைன் ஆம்ப்ளிஃபயர், அதாவது கேபிள் வழியில் மாட்டும் பூஸ்டர், வேண்டியிருக்கும். நான்காகப் பிரிக்கும் ஸ்பிளிட்டர் ஒன்றே 7, 8 டெசிபலைக் குறைக்கும். ஆம்ப்ளிஃபயரைச் சிக்னல் இன்னும் தெம்பாக இருக்கும் இடத்தில், அதாவது ஸ்பிளிட்டருக்கு முன்னால், வழியின் முற்பகுதியில் வையுங்கள். எல்.என்.பி.யை ஒட்டியே வைத்தால் ஆம்ப்ளிஃபயர் திணறி வேறு கோளாறு வரும். மேல் அதிர்வெண்ணில் இழப்பு அதிகம் என்பதால், அதைக் கூடுதலாகத் தூக்கும் ஸ்லோப் வசதி உள்ளதாகக் கேட்டு வாங்குங்கள். 100 மீட்டருக்கு மேலே போனால் இழப்பு குறைந்த, தடிமனான ஆர்ஜி-11 கேபிள் போடுங்கள், பெரிய வளாகமென்றால் ஃபைபரே மேல்.

மழையில் படம் போவதற்குப் பூஸ்டர் வாங்காதீர்கள். மழை சிக்னலைத் தின்பது டிஷ்ஷுக்கு வெளியே. அதற்குப் பெரிய டிஷ்தான் வழி. 60 சென்டிமீட்டரை 90 ஆக்கினால் மூன்றரை டெசிபல் கூடும், அது சுத்தமான சிக்னல்.

முறுக்கி ஒட்டுப் போடாதீர்கள், திருகி மாட்டும் எஃப் கனெக்டர் போட்டு இணையுங்கள். வெளியில் இருக்கும் கனெக்டருக்கு ரப்பர் மூடியும் நீர் புகாத டேப்பும் கட்டாயம். கடலோரத்தில் வருடத்துக்கு ஒருமுறை கழற்றிப் பாருங்கள், பச்சை பிடித்திருந்தால் துடைத்து மாட்டாமல் வெட்டிப் புதிதாகப் போடுங்கள். கேபிள் வீட்டுக்குள் நுழையும் இடத்தில் கீழே ஒரு வளைவு விடுங்கள், மழைத் தண்ணீர் அங்கேயே சொட்டிவிடும். கடைக்குப் போகும்போது சட்டைப்பையில் ஒரு காந்தம் இருக்கட்டும். டிஷ்ஷை யாராவது திருப்ப வந்தால் குவாலிட்டி எண்ணை முன்னும் பின்னும் குறித்துக்கொண்டு, அது ஏறியிருந்தால் மட்டும் பணம் கொடுங்கள்.