கொடி சுவரேறும் வித்தை

மே மாதத்தில் இங்கிலாந்தின் எந்த கார்டன் சென்டருக்குப் போனாலும் வாசலிலேயே கிளமாட்டிஸும் விஸ்டீரியாவும் பூத்துக் குலுங்கி ஆளை இழுக்கும். அட்டையில் உள்ள படத்தைப் பார்த்து வாங்கி வந்து நடுவார்கள். நாலைந்து வருடம் கழித்துப் பார்த்தால், ஒன்று கொடி பிடிமானம் இல்லாமல் தரையிலேயே கிடக்கும், அல்லது கூரை ஓட்டுக்கடியில் தலையை நுழைத்துக்கொண்டிருக்கும். பூவின் நிறத்தை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். இது எதைக் கொண்டு பிடித்து ஏறும் என்பதை முதலில் கேட்க வேண்டும்.

அந்தக் கேள்வியைப் பொறுமையாக உட்கார்ந்து ஆராய்ந்தவர் சார்லஸ் டார்வின். கென்ட்டில் தன் வீட்டில் உடம்பு சரியில்லாமல் அறையோடு அடைந்து கிடந்தபோது, தொட்டியில் ஒரு ஹாப் கொடியை வைத்து அதன் நுனி வட்டமடிப்பதைப் பார்த்துக் குறித்துவந்தார். வெயில் நாளில் ஒரு சுற்றுக்குச் சராசரியாக 2 மணி 8 நிமிடம். இவற்றையெல்லாம் தொகுத்து 1865-ல் லின்னேயன் சங்கம் என்ற இயற்கை ஆய்வாளர் சங்கத்தின் இதழில் வெளியிட்டார். சுற்றி ஏறுபவை, இலைக்காம்பாலோ பற்றுக்கம்பியாலோ பிடிப்பவை, கொக்கி மாட்டி ஏறுபவை, வேர்விட்டு ஒட்டுபவை என்று அவர் பிரித்த பிரிவுதான் இன்றைக்கும் தோட்டக்காரர்களுக்கு உதவுகிறது.

சுற்றுக்கொடியின் தண்டில் ஒரு பக்கம் மற்றப் பக்கத்தைவிடச் சற்று வேகமாக வளரும். நுனி எதிர்ப்பக்கம் சாயும். வேகமாக வளரும் பக்கம் தண்டைச் சுற்றி இடம் மாறிக்கொண்டே இருப்பதால் நுனியும் காற்றில் வட்டமிடுகிறது. வழியில் ஒரு குச்சி தட்டுப்பட்டால் அந்த வட்டம் அதைச் சுற்றிய சுருளாகிவிடும். ஆனால் எவ்வளவு பருமனான குச்சியையும் சுற்றிவிட முடியாது. பிரிட்டனின் காட்டு ஹனிசக்கிள் ஏறக்குறைய நாலரை அங்குலம் பருமனுள்ள பீச் மரக்கன்றைச் சுற்றியிருந்ததை டார்வின் ஒரு விதிவிலக்காகவே எழுதிவைத்தார். இந்தக் கொடிகளுக்கு வெறும் சுவர் எந்த வகையிலும் உதவாது. கிடைமட்டமாகக் கம்பி கட்டி, சுவருக்கும் கம்பிக்கும் நடுவே இரண்டு அங்குலமாவது இடைவெளி விட வேண்டும்.

விஸ்டீரியாவும் இந்த ரகம்தான். சீன விஸ்டீரியா சுற்றும் திசைக்கு நேர்மாறாக ஜப்பான் விஸ்டீரியா சுற்றும். பூ இல்லாத காலத்திலும் தண்டைப் பார்த்தே இரண்டையும் பிரித்தறியலாம். வாங்கும்போது ஒட்டுக்கட்டிய செடிதானா என்று கேட்டு வாங்குங்கள். விதையில் முளைத்தது பூக்க 20 வருடம்கூட ஆகலாம், அவ்வளவு பொறுமை எனக்கில்லை.

கிளமாட்டிஸின் வேலைப்பாடு இன்னும் நுட்பமானது. இதில் பிடிப்பது இலைக்காம்பு. காம்பின் ஒரு பக்கம் எதன் மீதாவது உரசினால் அந்தப் பக்கம் வளர்ச்சி குறைந்து, மறுபக்கம் நீண்டு, காம்பு வளைந்து இறுக்கிக்கொள்ளும். பிடித்த காம்பு நாளடைவில் தடித்து மரமாக விறைக்கும். பனிக்காலத்தில் இலை கருகி உதிர்ந்த பிறகும், பழுப்பு மோதிரம்போலக் கம்பியைக் கவ்வியபடியே இருப்பதைப் பார்க்கலாம். காம்பு எவ்வளவு நீளம் இருந்துவிடப் போகிறது? பென்சில் பருமனுக்கு மேல் அதனால் வளைத்துப் பிடிக்க முடியாது. கொழுத்த மரத்தூண் பந்தலை வாங்கி அதன் காலடியில் கிளமாட்டிஸை நட்டுவிட்டுக் காத்திருப்பவர்கள் தூணில் ஒரு வலையைச் சுற்றிவிட்டாலே போதும்.

ரோஜா கொடியே அல்ல. நீண்ட கிளையும் பின்நோக்கி வளைந்த முள்ளும்தான் அதன் முதல். காட்டில் பக்கத்துப் புதரில் மாட்டிக்கொண்டு ஏறும், சுவரில் நாம்தான் கட்டிவிட வேண்டும். அப்படிக் கட்டும்போது கிளைகளை நிமிர்த்தாமல் பக்கவாட்டில் படுக்க வையுங்கள். நுனிமொட்டில் சுரந்து கீழே இறங்கும் ஆக்சின் என்ற வளர்ச்சி ஹார்மோன் பக்கமொட்டுகளை அடக்கி வைத்திருக்கும். கிளையை வளைத்ததும் அந்த அதிகாரம் தளர்ந்து, கிளை நெடுகப் பக்கமொட்டுகள் கிளம்பிப் பூக்கும்.

இனி தானாகவே ஒட்டி ஏறுபவை. ஐவியின் தண்டிலிருந்து சீப்புப் பல் மாதிரி சிறு வேர்கள் கிளம்பிச் சுவரைத் தொடும். அவற்றின் மயிரிழை போன்ற வேர்த்தூவிகள் நானோ அளவுள்ள உருண்டைத் துகள்கள் கலந்த பசையைக் கசியவிடும். இந்தத் துகள்கள் அரபினோகலாக்டன் என்னும் வகைப் புரதங்கள் என்று 2016-ல் கண்டறிந்தார்கள். பசை, சுவரின் கண்ணுக்குத் தெரியாத பள்ளங்களில் பரவி இறுகும். பிறகு தூவிகள் உலர்ந்து முறுக்கிக்கொண்டு தண்டைச் சுவரோடு இழுத்துப் பிடிக்கும். வர்ஜீனியா கிரீப்பருக்கு வேறு வழி: பற்றுக்கம்பியின் நுனிகள் சுவரைத் தொட்டதும் சின்னச் சின்ன வட்டத் தட்டுகளாகப் பருத்து ஒட்டிக்கொள்ளும். பத்து வருடத்துக்குக் குறையாத ஒரு பழைய பற்றுக்கம்பியின் ஒரே கிளை 2 பவுண்டு, அதாவது சுமார் 900 கிராம் எடையைத் தாங்கியதாக டார்வின் எழுதியிருக்கிறார்.

ஐவி வீட்டைத் தின்றுவிடும் என்ற பயம் பாதிதான் நியாயம். சுண்ணாம்புக் காரை உதிர்ந்த, விரிசல் விட்ட சுவர் என்றால் வேர் உள்ளே புகும், அங்கே நடக்கூடாதுதான். நல்ல நிலையில் உள்ள சுவரை இலைப்போர்வை வெயிலிலிருந்தும் உறைபனியிலிருந்தும் காப்பதாக ஆக்ஸ்ஃபோர்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள். வயதான ஐவி உச்சிக்குப் போனதும் பற்றுவேர் விடுவதை நிறுத்தி, இலைமடல்களின் பிளவை இழந்து, புதர்போல் நின்று பூக்கத் தொடங்கும். அந்தக் கிளையை வெட்டி நட்டால் ஏறாத ஐவிப் புதர் கிடைக்கும். செப்டம்பர், அக்டோபரில் வேறு பூ அதிகம் இல்லாத நேரத்தில் தேனீக்களுக்கு இதுதான் விருந்து. பிரிட்டனில் முதன்முதலாக 2001-ல் டார்செட்டில் காணப்பட்ட ஐவித்தேனீ இந்தப் பூவையே பெரிதும் நம்பி வாழ்கிறது.

கொடியின் சிக்கனம் சுவரடியில்தான் சிக்கலாகிறது. தாங்கும் கட்டையைக் கட்டாமல் மிச்சம் பிடித்ததை நீளத்திலும் இலையிலும் செலவழிக்கிறது. மெல்லிய தண்டுக்குள் அகலமான நீர்க்குழாய்கள் ஓடுகின்றன. அத்தனை இலைக்கும் தண்ணீர் வேண்டும். ஆனால் சுவரடிதான் தோட்டத்திலேயே வறண்ட இடம். பிரிட்டனில் மழைக்காற்று பெரும்பாலும் தென்மேற்கிலிருந்து வீசுவதால் வடக்கு, கிழக்குச் சுவர்களின் அடி மழை நாளிலும் காய்ந்து கிடக்கும். சுவரிலிருந்து ஒன்றரை அடி தள்ளி நட்டு, கொடியைச் சுவர்ப்பக்கம் சாய்த்துவிடுவது இதனால்தான்.

திசையும் முக்கியம். சூரியன் தெற்கே தாழ்வாக ஓடும் அந்த ஊரில் தெற்குச் சுவர் பகலில் சூட்டை வாங்கி இரவில் விடும், வடக்குச் சுவருக்கு வெயிலே அபூர்வம். வடக்குச் சுவரோடு, படரும் வகை ஹைட்ரேஞ்சியாவும் ஐவியும் ஒத்துப்போகும். பைரகாந்தா புதரையும் அங்கே பழக்கலாம். நீலப் பூப் புதரான சியனோதஸுக்குத் தெற்கோ மேற்கோதான் வேண்டும். கமேலியாவைக் கிழக்கில் வைக்காதீர்கள்: இரவில் உறைந்த மொட்டு காலை வெயில் பட்டதும் சட்டென்று உருகிக் கருகிவிடும்.

மல்லிகை இல்லாமல் முடியாது என்கிற லண்டன் தமிழர்களுக்கு: குண்டுமல்லியை வெளியே நட்டால் முதல் உறைபனியோடு போய்விடும். தொட்டியில் வைத்து, குளிருக்கு முன் வீட்டுக்குள் கொண்டுவரலாம். நம் பிச்சிக்கு நெருங்கிய உறவான ஜாஸ்மினம் அஃபிசினாலே பனியைத் தாங்கித் தெற்குச் சுவரில் கோடை முழுக்க மணக்கும். ஸ்டார் ஜாஸ்மின் என்று விற்பது மல்லிகை இனமே இல்லை, அரளிக் குடும்பம். இலை உதிராது, மணமும் குறைவில்லை, சுழியத்துக்குக் கீழே 5 டிகிரி வரை கவலையில்லை. இரண்டுமே சுற்றுக்கொடிகள். செடி வாங்கும் அன்றே கம்பியும் வாங்கிவிடுங்கள்.