நிலையாக நிற்காத தைவதம்

போன மாதம் மந்தைவெளியில் பெரியம்மா வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து 'டாக்டர் நோ' பார்த்துக்கொண்டிருந்தேன். 1962ல் வந்த முதல் ஜேம்ஸ்பாண்ட் படம். பெரியம்மா பல வருஷமாக வீணை சொல்லிக்கொடுப்பவர். சமையலறையில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தவர், டைட்டில் இசை ஆரம்பித்த கொஞ்ச நேரத்தில் அங்கிருந்தே குரல் கொடுத்தார்: "ஏன்டா, அந்தத் தைவதம் ஒரு இடத்துல நிக்கவே மாட்டேங்குது?"

அறுபது வருஷமாக உலகமே கேட்கிற ஒரு இசையின் ரகசியத்தை ஒரே வரியில் பிடித்துவிட்டார். தைவதம் என்றால் ச ரி க ம ப த நியில் வரும் 'த'. அந்த மெட்டு மான்டி நார்மன் போட்டது, ஆர்க்கெஸ்ட்ராவுக்கு அமைத்தவர் ஜான் பேரி. தொடக்கத்தில் திரும்பத் திரும்ப ஊர்ந்துபோகும் நான்கு ஸ்வரங்களை நம் கர்நாடக இசைக் கணக்கில் எழுதினால் பஞ்சமம் (ப), சுத்த தைவதம் (தாழ்ந்த த), சதுச்ருதி தைவதம் (அதைவிட அரை ஸ்வரம் உயர்ந்த த), மறுபடி சுத்த தைவதம். அடியில் சட்ஜமும் (ச) சாதாரண காந்தாரமும் (தாழ்ந்த க) அசையாமல் கிடக்க, இது மட்டும் அரை ஸ்வரம் அரை ஸ்வரமாக ஏறி இறங்குகிறது. சுத்த தைவதம் வரும்போது கீரவாணி ராகத்தின் சாயல், சதுச்ருதி தைவதம் வந்ததும் கௌரிமனோகரி ராகத்தின் சாயல். காது ஒன்றில் உட்காரப் போகும் நேரத்தில் அடுத்தது வந்துவிடுகிறது. அதுமட்டுமில்லை, சாதாரண காந்தாரத்துக்கும் சதுச்ருதி தைவதத்துக்கும் இடையே சரியாக ஆறு அரை ஸ்வரம், அதாவது பன்னிரண்டு அரை ஸ்வரம் கொண்ட ஒரு ஸ்தாயியில் (ச முதல் மேல் ச வரை) பாதி. அதிர்வெண் விகிதம் சுமார் 1.414, இரண்டின் வர்க்கமூலம். ஒன்றரை, ஒன்றேகால் போன்ற எளிய விகிதங்களில் நம் காது சுலபமாக இளைப்பாறும், இதில் அப்படி முடியாது. ஒவ்வொரு சுற்றிலும் மூன்றாவது ஸ்வரத்தில் ஒரு முள் குத்திவிட்டு விலகுகிறது.

அப்புறம் அந்த கிடார். வாசித்தவர் விக் ஃபிளிக். தடித்த கீழ்க்கம்பிகளில் சட்ஜம், ரிஷபம், காந்தாரத்தைச் சுற்றியே நடக்கும் மெட்டு, ஆனால் ஒலி கத்தி மாதிரி இருக்கிறது. பிளெக்ட்ரத்தால் (மீட்டும் சின்னத் தகடு) பிரிட்ஜுக்கு, அதாவது கம்பியைத் தாங்கும் குதிரைக்குப் பக்கத்தில் கம்பியை அழுத்தி மீட்டினால் அப்படித்தான் வரும். கம்பியை நடுவில் மீட்டினால் இரட்டைப்படை இசைவதிர்வுகள் (அடிப்படை அதிர்வெண்ணின் இரண்டு, நான்கு மடங்கு என்று கூடவே எழும் ஒலிகள்) பிறக்காது, ஏனென்றால் அவை அசையாமல் நிற்கவேண்டிய புள்ளியே அந்த நடுப்புள்ளிதான். ஓரத்துக்குப் போகப்போக உயர்ந்த இசைவதிர்வுகள் நன்றாகக் கிளம்பும், ஒலி கூராகும். வீணையில் சோதித்துப் பார்த்தோம். குதிரையை ஒட்டி மீட்டினால் அதே வீணை கொஞ்சம் கோபமாகப் பேசுகிறது.

ஆனால் எனக்கு இந்த இசையில் ரொம்பப் பிடித்தது பித்தளைக் கருவிகள்தான். பேரியே டிரம்பெட் வாசித்தவர். டிரம்பெட், டிராம்போன் எல்லாம் மெதுவாக ஆரம்பித்து உச்சத்தில் ஒரு உலோகச் சீறலோடு வெடிக்கின்றன இல்லையா, அதைச் சத்தம் கூடியதால் வந்தது என்று மட்டும் நினைத்தால் பாதி விஷயம் போய்விடும். வீட்டில் வால்யூமைக் குறைத்துக் கேட்டாலும் அந்தச் சீறல் அப்படியே இருக்கிறதே! பலமாக ஊதும்போது ஒலியின் வடிவமே மாறுகிறது.

மெரினாவில் அலை கரைக்கு வருவதைப் பார்த்திருப்பீர்கள். ஆழம் குறையக் குறைய அலையின் முகடு அதன் அடியைவிட வேகமாக ஓடுகிறது, முன்பக்கம் செங்குத்தாகி, கடைசியில் உடைந்து நுரைக்கிறது. டிராம்போன் குழாய்க்குள் நடப்பது ஏறக்குறைய அதுதான். பலமாக ஊதும்போது அழுத்தம் கூடிய பகுதியில் காற்று சூடாகிறது, முன்னோக்கியும் நகர்கிறது, அதனால் ஒலியலையின் முகடு பள்ளத்தைவிட வேகமாகப் போகிறது. டிராம்போன் குழாய் சுமார் 2.7 மீட்டர் நீளம், அதில் பெரும்பகுதி ஒரே அகலம் என்பதால் முகடு எட்டிப்பிடிக்க நிறைய தூரம் கிடைக்கிறது. வெளியே வரும்போது அலையின் முன்பக்கம் சுவர் மாதிரி செங்குத்தாக நிற்கும், அப்படி ஒரு சுவரில் உயர்ந்த இசைவதிர்வுகள் குவிந்திருக்கும். 1996ல் வெளியான ஒரு ஆய்வு, உச்சத்தில் ஊதும் டிராம்போனுக்குள் நிஜமாகவே அதிர்ச்சி அலை உருவாகிறது என்று அளந்தே காட்டியது. ஒலியை மிஞ்சும் விமானத்தின் வெடிச்சத்தத்துக்குப் பின்னால் இருப்பதும் அதிர்ச்சி அலைதான். குழாய் சீக்கிரமே அகலமாகிவிடும் ஃப்ளூகல்ஹார்ன் (டிரம்பெட் மாதிரி ஒரு பித்தளைக் கருவி) போன்றவற்றில் அலை வலுவிழந்துவிடுவதால் அவை எவ்வளவு ஊதினாலும் வெண்ணெயாகவே இருக்கும்.

சரி, இந்தச் சீறலை வைத்து 1964ல் 'கோல்ட்ஃபிங்கர்' பாட்டைத் தொடங்கினார் பேரி. முதல் இரண்டு கார்டுகள் (சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கூட்டங்கள்) போதும். முதலாவது சட்ஜம், அந்தர காந்தாரம் (உயர்ந்த க), பஞ்சமம். அடுத்ததில் சட்ஜம் அப்படியே நிற்கிறது, காந்தாரம் அரை ஸ்வரம் இறங்கி சாதாரண காந்தாரமாகிறது, பஞ்சமம் அரை ஸ்வரம் ஏறி சுத்த தைவதமாகிறது. இரண்டே சின்ன நகர்வு, அதற்குள் வெளிச்சமான அறை ஒன்று இருண்டுவிடுகிறது. கோடம்பாக்கத்தில் ஆர்.ஆர். (படத்தின் பின்னணி இசை) வாசிக்கிற யாரைக் கேட்டாலும் இந்த இடத்தைக் கையால் வாசித்துக் காட்டுவார்கள் என்றுதான் நினைக்கிறேன்.

பாண்ட் மெட்டின் கடைசி கார்டுக்கு வருவோம். கிடார் தனியாக விட்டுச் செல்லும் அந்த ஒலியில் சட்ஜம், சாதாரண காந்தாரம், பஞ்சமத்தோடு காகலி நிஷாதமும் (உயர்ந்த நி) ரிஷபமும் (ரி) சேர்ந்திருக்கின்றன. கிடாரின் அடிக்கம்பி சுமார் 82.4 ஹெர்ட்ஸ், அதன் நான்காவது இசைவதிர்வு 329.6. பக்கத்தில் ஒலிக்கும் நிஷாதம் 311.1. இரண்டுக்கும் வித்தியாசம் நொடிக்குப் பதினெட்டுச் சொச்சம். உட்காதில் நத்தை ஓடு போலச் சுருண்ட குழலுக்குள் இருக்கும் சவ்வில் இந்த இரண்டும் கிட்டத்தட்ட ஒரே இடத்தை ஆட்டுவதால் மூளையால் அவற்றைச் சுத்தமாகப் பிரிக்க முடிவதில்லை, ஒரு சொரசொரப்பான நடுக்கமாகத்தான் கேட்கிறது. நிஷாதம் மேலே சட்ஜத்துக்குப் போகத் துடிக்கிற ஸ்வரம். பேரி அதைப் போகவிடாமல் அங்கேயே நிறுத்தி, ஒலி தானாக அடங்கும்வரை காத்திருக்கிறார்.

பெரியம்மாவால் அதைத் தாங்க முடியவில்லை. கீரைத் தட்டோடு கூடத்துக்கு வந்து நின்று, மேல் சட்ஜத்தைத் தானே பாடிவிட்டுத்தான் உள்ளே போனார்.