அம்மாவே அத்தை மகள்: ஓர் அரச வம்சத்தின் மரபணுக் கணக்கு

ஸ்பெயினை ஆண்ட ஹாப்ஸ்பர்க் வம்சத்தின் கடைசி அரசர் இரண்டாம் கார்லோஸ். 1661-இல் பிறந்தவர். அவருடைய அப்பா நான்காம் பிலிப் மணந்தது சொந்தத் தங்கையின் மகள் மரியானாவை. ஆக, கார்லோஸுக்கு அம்மாவே அத்தை மகள். அம்மாவைப் பெற்ற பாட்டியே அத்தை. உண்மையில் மரியானாவை நிச்சயித்திருந்தது பிலிப்பின் மூத்த தாரத்து மகனுக்கு. அவன் 16 வயதில் இறந்துபோக, வாரிசு வேண்டும் என்று அப்பாவே 1649-இல் அந்தப் பெண்ணைக் கட்டிக்கொண்டார். அவருக்கு வயது 44, அவளுக்கு 14.

ஹாப்ஸ்பர்க் குடும்பத்தில் ஒரு கிளை ஸ்பெயினிலும் இன்னொன்று ஆஸ்திரியாவிலும் ஆண்டது. நாடு வேறு கைக்குப் போய்விடக் கூடாது என்று இரு கிளைகளும் தலைமுறை தலைமுறையாகப் பெண் கொடுத்துப் பெண் எடுத்தன. திருச்சபை நெருங்கிய உறவில் மணத்தைத் தடுத்திருந்தாலும் போப்பிடம் தனி அனுமதி கிடைத்துவந்தது.

சரி, இதில் உடலுக்கு என்ன கேடு? நம்மிடம் ஏறக்குறைய எல்லா மரபணுவும் இரண்டு பிரதிகளாக உள்ளன; ஒன்று அம்மா தந்தது, மற்றது அப்பா தந்தது. பெரும்பாலும் ஒரு பிரதி பழுதானாலும் மற்றது வேலையைப் பார்த்துக்கொள்ளும். அதனால் நாம் எல்லோருமே சில பழுதுகளைத் தெரியாமலே சுமக்கிறோம். அந்நியத்தில் மணந்தால் துணைவரிடம் அதே பழுது இருப்பது அரிது. சொந்தத்துக்குள் மணப்பதால் பழுது புதிதாக முளைப்பதில்லை. ஆனால் ஒரு தாத்தாவிடம் இருந்த ஒரே பழுது இரண்டு வழியாக இறங்கிவந்து ஒரு குழந்தையிடம் சேர்ந்துவிடலாம்.

குழந்தையின் ஒரு மரபணுவில் இரண்டு பிரதியுமே ஒரே மூதாதையிடமிருந்து வந்திருக்க எவ்வளவு வாய்ப்பு என்பதை மரபியலாளர்கள் எண்ணாகச் சொல்கிறார்கள். அத்தை மகள், மாமன் மகன் மணத்தில் அது 0.0625. தாய்மாமனை மணந்தால் 0.125. அண்ணனுக்கும் தங்கைக்கும் பிறந்தால் 0.25.

அப்படியானால் கார்லோஸுக்கு 0.125 தானே வர வேண்டும்? 16 தலைமுறைகளில் 3,000-க்கும் மேற்பட்ட உறவினர்களை வைத்து ஸ்பானிய ஆய்வாளர்கள் 2009-இல் வெளியிட்ட கணக்கில் அது 0.254. காரணம், மரியானாவின் பெற்றோரே அத்தை மகளும் மாமன் மகனும்தான். கார்லோஸின் கொள்ளுத் தாத்தா பாட்டிகள் எட்டுப் பேருமே, ஸ்பெயினில் இந்த வம்சம் தொடங்கிய ஹுவானா, முதலாம் பிலிப் என்ற ஒரே தம்பதியின் வழிவந்தவர்கள். கடைசிக் கல்யாணத்தை மட்டும் பார்த்தால் இது தெரியாது. வட்டிக்கு வட்டி போல ஏறிய கணக்கு. அந்த முதலாம் பிலிப்புக்கு எண் வெறும் 0.025.

1527 முதல் 1661 வரை ஸ்பெயின் அரச குடும்பத்தில் பிறந்த 34 குழந்தைகளில் 10 பேர் ஒரு வயதுக்குள்ளும், மொத்தம் 17 பேர் பத்து வயதுக்குள்ளும் இறந்தார்கள். இவை செவிலியும் நல்ல உணவும் குறையாத அரண்மனைக் குழந்தைகள். அன்றைய ஸ்பானியக் கிராமங்களில்கூட ஒரு வயதுக்குள் இறந்தவை ஐந்தில் ஒன்றுதான்.

கார்லோஸ் பேசத் தொடங்கியபோது வயது நான்கு, நடந்தபோது எட்டு. இரண்டு மனைவியர், குழந்தை இல்லை. சூனியம் வைக்கப்பட்டவர் என்று ஊர் சொன்னது. பேயோட்டும் சடங்குகூட நடந்தது. தான் தேர்ந்தெடுக்காத ஒரு கணக்கை உடம்பில் சுமந்த மனிதரை இதைவிடத் தவறாகப் புரிந்துகொள்ள முடியாது. இரண்டு பிரதியுமே பழுதானால்தான் வெளிப்படும் ஒடுங்கு மரபணுக் கோளாறுகள் இரண்டு அவருக்குச் சேர்ந்து வந்திருக்கலாம் என்பது அந்த ஆய்வாளர்களின் ஊகம். மரபணுச் சோதனையால் நிறுவப்பட்டதல்ல.

ஆனால் எண்ணை விதியாக நினைத்துவிடக் கூடாது. வெலாஸ்கெஸ் 1656-இல் வரைந்த புகழ்பெற்ற ஓவியத்தின் நடுவே நிற்கும் பொன்முடிச் சிறுமி மார்கரிட்டா, கார்லோஸின் உடன்பிறந்த அக்கா. அதே பெற்றோர், அதே 0.254. அவளுக்குத் தம்பியின் ஊனங்கள் எதுவும் இல்லை. ஒவ்வொரு பிள்ளைக்கும் சீட்டு புதிதாகக் குலுக்கப்படுகிறது. அவளும் தன் தாய்மாமனான பேரரசர் லியோபோல்டையே மணந்தாள். 21 வயதில் அவள் இறந்தபோது, பெற்ற பிள்ளைகளில் எஞ்சியது மரியா அன்டோனியா என்ற ஒரே மகள். அந்த மகளின் எண் 0.305, கார்லோஸைவிட அதிகம். அவளோ வளர்ந்து, மணந்து, பிள்ளைகளும் பெற்றாள்; அவர்களில் பிழைத்தவன் ஒரு மகன்தான்.

அந்தச் சிறுவன் யோசேப் ஃபெர்டினாண்டைத்தான் கார்லோஸ் தன் வாரிசாக அறிவித்தார். 1699-இல் ஆறு வயதில் அவன் இறந்தான். அடுத்த ஆண்டு கார்லோஸும் போனார். அரியணை அவருடைய மூத்த தாயார் மகளின் பேரனான, பிரான்சின் பூர்பன் வம்சத்துப் பிலிப்புக்குச் சென்றது. ஆஸ்திரியக் கிளை அதை ஏற்கவில்லை. 1701-இல் தொடங்கிய போர் 1714 வரை நீண்டது.