அந்தத் துளையை அடைக்காதீர்கள்

தென்னாப்பிரிக்காவில் டர்பனை அடுத்த சாட்ஸ்வர்த்தில் வசிக்கும் வாசகி ஒருவர் கேட்டிருக்கிறார்: நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோயுள்ள அவருடைய தந்தை இரவில் முகமூடி அணிந்து பைபாப் கருவியின் துணையோடு உறங்குகிறார். முகமூடியின் முன்புறத்துப் பொடித் துளைகளிலிருந்து காற்று ஓயாமல் சீறுகிறது. அருகில் படுக்கும் தாயின் முகத்திலும் அடிக்கிறது. அங்கே ஒரு பிளாஸ்திரி ஒட்டிவிடலாமா?

ஒட்டவே கூடாது. வீணாவதுபோல் தோன்றும் அந்தக் காற்றில்தான் கருவியின் பாதுகாப்பு அடங்கியிருக்கிறது.

தொண்டைக்குள் குழாய் செருகாமல் சுவாசத்துக்குத் துணைசெய்யும் இக்கருவி, மூச்சை இழுக்கும்போது அழுத்தத்தைக் கூட்டி, விடும்போது குறைக்கும் ஒரு காற்றூதி, அவ்வளவே. ஆனால் கருவியையும் முகமூடியையும் இணைப்பது ஒரே ஒரு குழாய். போகவும் வரவும் ஒரே வழி என்றால், விட்ட மூச்சு எங்கே போகும்?

சிறு கணக்கு போட்டுப் பார்ப்போம். 22 மில்லிமீட்டர் விட்டமும் 1.8 மீட்டர் நீளமும் கொண்ட குழாயின் கொள்ளளவு ஏறத்தாழ 680 மில்லிலிட்டர். வளர்ந்தவர் ஒருவர் ஒரு முறை விடும் மூச்சு சுமார் 500 மில்லிலிட்டர். அதாவது, விட்ட மூச்சு முழுவதும் குழாய்க்குள்ளேயே தங்கி, அடுத்த மூச்சில் அப்படியே திரும்பி வரலாம். அதில் அறைக்காற்றைப் போல் நூறு மடங்கு கரியமில வாயு இருக்கும். இதைத் தடுப்பவை அத்துளைகளே. மூச்சை விடும்போதும் கருவி குறைந்தது 4 சென்டிமீட்டர் உயர நீர் தரும் அளவு அழுத்தத்தில் ஊதிக்கொண்டே இருக்கிறது. அந்த அழுத்தத்தில் துளைகள் வழியே நிமிடத்துக்கு ஏறத்தாழ 20 லிட்டர் காற்று வெளியேறுகிறது. ஒரு மூச்சை விட்டு அடுத்ததை இழுப்பதற்குள் இரண்டரை நொடி கழிகிறது என்றால், அதற்குள் 800 மில்லிலிட்டருக்கு மேல் வெளியே போய்விடுகிறது! பழைய மூச்சு முழுவதும் கழுவப்பட்டு, அதற்குப் பின்னால் வந்த புதுக்காற்றும் கொஞ்சம் வழிகிறது. வால்வு இல்லை, மின்னணு இல்லை, வெறும் ஓட்டை. இந்த எளிமையை எத்தனை முறை நினைத்தாலும் எனக்கு வியப்பு அடங்குவதில்லை.

கரியமில வாயு தேங்குவதை எளிதில் கண்டுகொள்ள முடியாது. 1952இல் கோபன்ஹேகனில் இளம்பிள்ளைவாதம் பரவியபோது, நோயாளிகளின் உயிரைப் பறித்தது இந்தத் தேக்கமே என்பதை இப்சன் என்ற மயக்கமருந்து மருத்துவர்தான் சுட்டிக்காட்டினார். வீட்டில் காணும் அறிகுறிகள் காலைத் தலைவலியும் மந்தமான தூக்கமுமே. அவற்றை முதுமையின் மேல் போட்டுவிடுகிறோம்.

எனவே முகமூடியை மாற்றும்போதெல்லாம் அதில் துளை உண்டா என்று பாருங்கள். மருத்துவமனைகளில் துளையில்லாத வகையும் உண்டு. பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். கருவியை ஓடவிட்டு உள்ளங்கையை நீட்டினால் காற்று படவேண்டும்.

மின்சாரம் நின்றால் துளை மட்டும் போதாது. லோட் ஷெட்டிங்கில் பழகிய நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மூக்கையும் வாயையும் சேர்த்து மூடும் முகமூடியில், தபால் பெட்டியின் வாய்மூடி போன்ற ஒரு சிலிக்கோன் இதழ் இருக்கும். அழுத்தம் விழுந்ததும் அது மடிந்து அறைக்காற்றுக்கு வழிவிடும். கழுவியபின் இதழ் ஒட்டிக்கொள்ளாமல் அசைகிறதா என்று பாருங்கள். மாற்று மின்கலம் இருந்தால், செருகியைப் பிடுங்கி ஒருமுறை சோதித்துவிடுங்கள். முகமூடியைத் தாமே கழற்ற இயலாதவரையோ வாந்தி எடுப்பவரையோ அதை அணிவித்துத் தனியே விடக் கூடாது.

ஆக்சிஜன் சேர்ப்பவர்கள் முதலில் கருவியை இயக்கி, பிறகே ஆக்சிஜனைத் திறக்கவேண்டும். நிறுத்தும்போது முதலில் ஆக்சிஜனை மூடவேண்டும். வரிசை மாறினால் ஆக்சிஜன் கருவிக்குள் தேங்கித் தீப்பிடிக்க ஏதுவாகும். வெள்ளிக்கிழமை விளக்கையும் கற்பூரத்தையும் அந்த அறையில் ஏற்றவேண்டாம்; சாமி கோபித்துக்கொள்ளமாட்டார். ஈரப்பதமூட்டியைத் தலைமட்டத்துக்குக் கீழே வையுங்கள். இல்லையேல் தண்ணீர் குழாய் வழியே முகத்துக்கு வரும்.

கருவி வாங்கப் பணம் ஒதுக்குவோர், அதைப் பொருத்திக் காட்ட ஒரு மணி நேரம் ஒதுக்குவதில்லை என்பது என் நெடுநாள் குறை. ஒதுக்கியிருந்தால் இந்தக் கேள்வியே வந்திராது.

தாயின் சிரமத்துக்கும் வழி உண்டு. பல முகமூடிகளில் துளைகள், குழாய் வந்து சேரும் இடத்தில் முழங்கைபோல் வளைந்து சுழலும் பகுதியில் இருக்கும். அதை மெல்லத் திருப்பினால் காற்று சுவர்ப்பக்கம் போகும். சுழலாத வகையானால், இருவரும் படுக்கும் பக்கத்தை மாற்றிக்கொள்ளட்டும்.