சுண்ணாம்பு மட்டும் கொட்டினால் குரோமியம் போகாது

குரோம் முலாம் பூசும் பட்டறைகளின் கழிவுநீரோடு பல வருடம் வேலை செய்தவன் என்ற முறையில், திரும்பத் திரும்பக் கண்ணில் படும் ஒரு தவறைப் பற்றி எழுதுகிறேன். மஞ்சள் தண்ணீர் தொட்டிக்கு வந்ததும் சுண்ணாம்பைக் கொட்டிக் கலக்குகிறார்கள், அடியில் கசடு படிகிறது, மேலே தெளிந்ததை வெளியே விட்டுவிடுகிறார்கள். படிந்தது நிக்கல், இரும்பு, துத்தநாகம் இவைதான். எதற்குப் பயந்தோமோ அந்தக் குரோமியம் தண்ணீரோடு போய்விட்டது.

காரணம் எளிது. குரோமியம் தண்ணீரில் பெரும்பாலும் இரண்டு வடிவில் இருக்கும். மூன்று இணைதிறன் கொண்டது காரத்தில் ஹைட்ராக்சைடாகப் படியும். ஆறு இணைதிறன் கொண்டதோ குரோமேட் அயனியாக எந்த பி.எச்.சிலும் (அமில, கார அளவு) கரைந்தே கிடக்கும், சுண்ணாம்பு அதை ஒன்றும் செய்யாது. ஆபத்தானதும் இதுதான். பார்வைக்குச் சல்பேட் போலவே இருப்பதால் உடலின் செல்கள் ஏமாந்து உள்ளே விட்டுவிடுகின்றன. இதன் ஆவியை வருடக்கணக்கில் சுவாசித்த தொழிலாளர்களுக்கு மூக்கின் நடுச்சுவரில் ஓட்டை விழும், தோலில் ஆறாத புண் வரும், நுரையீரல் புற்றுநோயும் வரலாம்.

ஆகவே முதல் வேலை, ஆறை மூன்றாக மாற்றுவது. கந்தக அமிலம் விட்டு பி.எச்.சை 2 முதல் 3க்குள் இறக்கி, சோடியம் மெட்டாபைசல்ஃபைட் கரைசலைக் கொஞ்சம் கொஞ்சமாக விட வேண்டும். மஞ்சள் மறைந்து பச்சை வரும். பி.எச். 4க்கு மேல் போனால் வினை மிகவும் மந்தமாகிவிடும். ஒரு இடத்தில் எவ்வளவு மருந்து விட்டும் பச்சை வரவே இல்லை என்று கூப்பிட்டார்கள், போய்ப் பார்த்தால் பி.எச். மீட்டரின் முனையில் கசடு அப்பிக்கிடந்தது, மீட்டர் 2.5 என்று காட்ட, உண்மையில் இருந்தது 5. அந்த முனையை அடிக்கடி கழுவுங்கள், கழுவிய பிறகு பஃபர் கரைசலில், அதாவது பி.எச். முன்பே தெரிந்த கரைசலில், சரிபாருங்கள்.

கணக்குப்படி ஒரு கிராம் குரோமியத்துக்குச் சுமார் 2.75 கிராம் மெட்டாபைசல்ஃபைட் போதும், நடைமுறையில் கூடுதலாகவே பிடிக்கும். பெரஸ் சல்பேட் என்ற இரும்பு உப்பு விலை குறைவு என்று அதற்கு மாறுகிறவர்கள் உண்டு, தவறில்லை. ஆனால் கிராமுக்குச் சுமார் 16 கிராம் வேண்டும், இரும்பும் சேர்ந்து படிவதால் உலர்ந்த கசடு கிட்டத்தட்ட நான்கு மடங்காகும். மருந்தில் மிச்சம் பிடித்த பணத்தைக் கசடு அள்ளுவதில் கொடுக்க வேண்டியிருக்கும்.

ஒன்றை மட்டும் தயவுசெய்து மறக்காதீர்கள். சயனைடு கழிவுநீர் வரும் குழாய் இந்த அமிலத் தொட்டிக்கு எந்த வழியாகவும் வரக்கூடாது. அமிலமும் சயனைடும் சேர்ந்தால் ஹைட்ரஜன் சயனைடு வாயு கிளம்பும், ஆளைக் கொன்றுவிடும். மெட்டாபைசல்ஃபைட் அமிலத்தில் விழும்போதும் கந்தக டை ஆக்சைடு வரும், தொட்டிக்கு மேலே காற்றோட்டம் இல்லாமல் இந்த வேலையைத் தொடங்கவே கூடாது.

பச்சை வந்த பிறகுதான் சுண்ணாம்போ காஸ்டிக் சோடாவோ. பி.எச்.சை 8.5 பக்கத்தில் நிறுத்துங்கள். நிறையப் போட்டால் நல்லது என்று 10, 11க்கு ஏற்றினால், படிந்த குரோமியம் திரும்பக் கரையத் தொடங்கும். அப்புறம் துகள்களைத் திரட்டப் பாலிமர், படியவைத்தல், கசடைப் பிழிய ஃபில்டர் பிரஸ் எல்லாம் வழக்கம் போலத்தான்.

தண்ணீரின் நிறத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள். உலக சுகாதார நிறுவனம் குடிநீருக்குச் சொல்லும் அளவு லிட்டருக்கு 0.05 மில்லிகிராம் குரோமியம், அதைப் போலப் பல மடங்கு இருந்தாலும் கண்ணுக்குத் தண்ணீர் நிறமில்லாமலே தெரியும். டைஃபீனைல் கார்பசைடு சோதனை சில நிமிட வேலை. ஆறு இணைதிறன் மிச்சம் இருந்தால் ஊதா நிறம் காட்டிவிடும், காட்டினால் அந்தத் தண்ணீர் மறுபடி முதல் தொட்டிக்குப் போக வேண்டும்.

கடைசியாகக் கசடு. அதை எரிக்காதீர்கள், பிளீச்சிங் பவுடர் கலந்த எதோடும் சேர்க்காதீர்கள். சூட்டிலும் குளோரினிலும் மூன்று மறுபடி ஆறாக மாறும். நனையாத தளத்தில், மூடிய பையில் வைத்து, அபாயக் கழிவு எடுக்க உரிமம் உள்ளவரிடம் மட்டுமே கொடுங்கள்.